பிழைத்த சொற்கள்

ஓசூரில் கார்த்திகை பாதி கடந்துவிட்டால் காலை ஒன்பது மணி வரைக்கும் வீட்டுக்குள் இருப்பவர்களைவிட வாசலில் இருப்பவர்கள்தான் கொடுத்துவைத்தவர்கள். அம்மா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு கிழக்குப் பார்த்த படியில் உட்கார்ந்துவிடுவார். தலையைச் சுற்றிப் பழைய துண்டு. கால் மட்டும் வெயிலில் நீண்டிருக்கும். அந்த வழியாகப் போகிறவர்கள் "என்னம்மா, காலையிலேயே?" என்றால், "சும்மா, வெயில் காயறேன்" என்பார்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் வகுப்பில் ஒரு வழக்கம். தினமும் ஒரு பிள்ளை கரும்பலகையின் மூலையில் ஒரு புது ஆங்கிலச் சொல்லும் அதன் பொருளும் எழுத வேண்டும். இவளுடைய முறை வந்தபோது என் போனை வாங்கி, "மறந்துபோன அழகான ஆங்கிலச் சொற்கள்" என்று யாரோ அனுப்பியிருந்த பட்டியலிலிருந்து ஒன்றைப் பொறுக்கினாள். அப்ரிசிட்டி. குளிர்காலத்தில் உடம்பில் படுகிற வெயிலின் இதமான சூடு என்று பொருள் போட்டிருந்தது. நேரே வாசலுக்குப் போய், "பாட்டி, உனக்கு இப்ப இருக்கிறது அப்ரிசிட்டி" என்றாள்.

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல. சுகர் மட்டுந்தான்" என்றார் அம்மா.

நான் 22 வருடமாகப் பிழை திருத்துகிறவன். ஒரு சொல்லைப் பார்த்ததும் அழகாக இருக்கிறதா என்று தோன்றாது. இதை இங்கே யார் கொண்டுவந்து போட்டது என்றுதான் தோன்றும். தொழில் கோளாறு. அன்று மகள் பள்ளிக்குப் போன பிறகு அந்தப் பட்டியலில் இருந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊர், பேர் விசாரிக்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் ஓடிவிட்டது. கையில் இருந்த மெய்ப்புக் கட்டு அப்படியே கிடந்தது.

அப்ரிசிட்டிக்கு ஊர், பேர் கிடைத்தது. 1623-இல் ஹென்றி காக்கரம் என்பவர் லண்டனில் ஓர் அகராதி போட்டார். அதில்தான் இந்தச் சொல் இருக்கிறது. வெயில்படும் இடத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லை எடுத்து ஆங்கில வால் ஒட்டியிருக்கிறார்கள். சரி, அந்தக் காலத்தில் யாராவது இதைப் பேசினார்களா, கடிதத்தில் எழுதினார்களா என்று தேடினால் என் கண்ணில் ஒன்றும் படவில்லை. அது அகராதியில் பிறந்து அகராதியிலேயே குடியிருந்த சொல்.

இது ஏன் என்று புரிய, அன்றைய அகராதி எதற்காகப் போடப்பட்டது என்று தெரிய வேண்டும். இன்று அகராதி என்றால் மொழியில் உள்ள எல்லாச் சொல்லும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். 1604-இல் ராபர்ட் காட்ரி வெளியிட்ட முதல் ஆங்கில–ஆங்கில அகராதியில் சுமார் 2,500 சொற்கள்தான். அவ்வளவும் "கடினச் சொற்கள்." நாய், மாடு, சோறு, தண்ணீரெல்லாம் எதற்கு, அதுதான் எல்லோருக்கும் தெரியுமே! சீமாட்டிகளுக்கும் படிப்பறிவு குறைந்த பிறருக்கும் உதவுவதற்காக என்று முகப்பிலேயே போட்டுக்கொண்டார். லத்தீன் படித்த ஆண்கள் எழுதுவது லத்தீன் படிக்காதவர்களுக்குப் புரியவில்லை. அதற்கு ஒரு சாவி. காக்கரம் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய புத்தகத்தின் இரண்டாம் பகுதி தலைகீழ்: உங்களுக்குத் தெரிந்த சாதாரணச் சொல்லைப் பார்த்தால், அதற்குப் பதிலாகப் போட்டுக்கொள்ள ஒரு பகட்டான சொல் இருக்கும். சட்டை வாடகைக்குக் கொடுக்கிற கடை மாதிரி. இப்படிப்பட்ட கடையில் மாட்டியிருந்த சட்டைகளில் ஒன்றுதான் அப்ரிசிட்டி. யாரும் போட்டுக்கொண்டு தெருவில் நடந்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பகட்டைக் கேலி செய்தவர்களும் இருந்தார்கள். மைக்கூட்டுச் சொற்கள் என்றே இவற்றுக்குப் பட்டப்பெயர். வாயிலிருந்து வராமல் மைக்கூட்டிலிருந்து வந்தவை என்ற குத்தல். 1553-இல் தாமஸ் வில்சன், ஒரு பந்தா பேர்வழி வேலை கேட்டு எழுதியதுபோல ஒரு கடிதத்தைப் புனைந்து போட்டார். வரிக்கு நாலு லத்தீன் சொல். படிக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும் என்பது திட்டம். இன்று அதைப் படித்தால் சிரிப்பு எங்கே வர வேண்டும் என்றே புரியாது. அவர் கேலிக்காக வைத்த "செலிபிரேட்", "மண்டேன்", "இன்ஜீனியஸ்" எல்லாம் இன்று சாதாரணச் சொற்கள். பிறந்தநாளுக்கு கேக் வெட்டுகிற குழந்தைகூட செலிபிரேட் பண்ணுகிறது. அதே கடிதத்தில், அதே மாதிரி லத்தீனிலிருந்து வந்து, அதே மாதிரி உட்கார்ந்திருக்கும் "இன்ஜென்ட்" என்ற சொல் செத்துவிட்டது. மிகப் பெரிய என்று பொருள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: எது பிழைக்கும், எது போகும் என்று 1553-இல் ஒரு பிழைதிருத்துநனைக் கேட்டிருந்தால் தப்பாகத்தான் சொல்லியிருப்பான். நானாக இருந்தால் இரண்டையும் அடித்திருப்பேன்.

மறுபக்கம் சுத்தக்காரர்கள். ஆறாம் எட்வர்ட் அரசனுக்கு ஆசிரியராக இருந்த ஜான் சீக், நம் மொழி கடன் வாங்காமல் சுத்தமாக எழுதப்பட வேண்டும் என்றவர். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்க்கும்போது, நூற்றுவர் தலைவனைக் குறிக்கும் லத்தீன் சொல்லைத் தள்ளிவிட்டு நூறு என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து "ஹண்ட்ரடர்" என்று செய்தார். உயிர்த்தெழுதலுக்கு "கெயின்ரைசிங்." சந்திரனால் புத்தி பேதலித்தவனுக்கு "மூன்ட்." இந்தக் கடைசிச் சொல்மேல் எனக்கு ஓர் ஆசை உண்டு. நிலா பிடித்தவன்! ஒன்றும் நிற்கவில்லை.

முந்நூறு வருடம் கழித்து டார்செட் வட்டாரத்தில் வில்லியம் பார்ன்ஸ் என்ற பாதிரியார், சொந்த ஊர்ப் பேச்சில் கவிதை எழுதியவர், மறுபடி கிளம்பினார். போட்டோகிராஃபுக்கு "சன்பிரின்ட்", தாவரவியலுக்கு "வோர்ட்லோர்", ஆம்னிபஸ்ஸுக்கு "ஃபோக்வெய்ன்." அதாவது மக்கள் வண்டி. குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டிக்கு "புஷ்வெய்ன்லிங்": தள்ளு குட்டிவண்டி. இங்கிலாந்தில் இவரைப் பற்றிப் பேசினால் கொஞ்சம் சிரிப்பார்கள். நமக்குச் சிரிப்பு வராது. 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் பேரப்பிள்ளைகள் நாம். ஃபோக்வெய்ன் செய்த மனம் எப்படிப்பட்டது என்று நமக்கு உள்ளேயிருந்து தெரியும். ஓசூர் பேருந்து நிலையத்தின் பலகையில் பேருந்து நிலையம் என்றுதான் இருக்கிறது. அதற்குக் கீழே நின்றுகொண்டு போனில், "பஸ் ஸ்டாண்டுலதான்டா நிக்கிறேன்" என்கிறோம். ஆனால் பேருந்து சாகவில்லை. செய்தியில், பாடப்புத்தகத்தில், டிக்கெட்டில் நன்றாகவே வாழ்கிறது. பார்ன்ஸுக்குக் கிடைக்காத ஒன்று இங்கே கிடைத்தது: பலகை எழுதும் அதிகாரம்.

பட்டியலில் "குரோக்" என்று ஒரு சொல்லும் இருந்தது. ஸ்காட்லாந்துப் பேச்சு. யாராவது சாப்பிடும்போது பக்கத்தில் நின்று, நமக்கும் ஒரு வாய் கிடைக்காதா என்று நாயைப்போல வாயையே பார்ப்பது. இதை விசாரிக்கத் தேவையே இல்லை. பிள்ளையும் நாயும் உள்ள வீடுகளில் தானாகப் பிறந்திருக்கும்.

உண்மையாக வாழ்ந்து செத்த சொற்களின் வாசனை வேறு. வாரத்துக்கு ஆங்கிலத்தில் "சென்னைட்" என்று ஒரு சொல் இருந்தது. சென்னைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏழு இரவு என்பது தேய்ந்து அப்படி ஆனது. பதினான்கு இரவு "ஃபோர்ட்நைட்" ஆனது. பழைய ஜெர்மானியக் குடிகள் நாட்களை எண்ணாமல் இரவுகளை எண்ணினார்கள் என்று கி.பி. 98 வாக்கில் ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்த வழக்கத்தின் மிச்சம். ஜேன் ஆஸ்டின் காலத்திலும் சென்னைட் புழக்கத்தில் இருந்தது. பிறகு வீக் அதைத் தின்றுவிட்டது. ஃபோர்ட்நைட்டுக்கு மாற்றாக ஒற்றைச் சொல் இல்லாததால் தப்பித்தது. ஆனால் அமெரிக்கர்களுக்கு அது ஒரு வீடியோ கேமின் பெயர். நம் அலுவலகங்களில் இன்னமும் ஃபோர்ட்நைட்லி ரிப்போர்ட் கேட்கிறார்கள். நாமோ இரவையும் எண்ணுவதில்லை, பதினான்கும் சொல்வதில்லை. பதினைந்து நாள் என்போம்.

இந்த வாரத்தில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது ரொட்டி. பழைய ஆங்கிலத்தில் ரொட்டிக்கு "ஹ்லாஃப்" என்று பெயர். இன்றைய லோஃப் அதுதான். வீட்டுத் தலைவன் "ஹ்லாஃப்வேர்ட்", ரொட்டியைக் காப்பவன். வீட்டுத் தலைவி "ஹ்லாஃப்டியே", ரொட்டிக்கு மாவு பிசைபவள். அவர்களை அண்டிப் பிழைப்பவன் "ஹ்லாஃப்ஏட்டா", ரொட்டி தின்பவன். முதல் சொல் தேய்ந்து தேய்ந்து லார்ட் ஆனது. இரண்டாவது லேடி ஆனது. மூன்றாவது செத்துவிட்டது. பாருங்கள், காப்பவனும் பிசைபவளும் இருக்கிறார்கள், தின்றவனைக் காணோம்! செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லை வைத்திருக்கிற நமக்கு இந்த ஏற்பாடு சட்டென்று புரியும். சோறு போடுகிறவன், அதைத் தின்கிறவன், நடுவில் ஒரு கடன். உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் மை லார்ட் என்று குனியும்போது, என் ரொட்டிக் காவலரே என்றுதான் சொல்கிறார்கள். தெரிந்தால் சிலர் சத்தமாகச் சொல்லக்கூடும்.

இன்னொன்று. ஸ்டென்ச் என்றால் இன்று குடலைப் புரட்டும் நாற்றம். பழைய ஆங்கிலத்தில் அது வெறும் மணம்தான். பூவுக்கும் அதே சொல். "கருப்பூரம் நாறுமோ" என்று ஆண்டாள் கேட்டதைப் பள்ளியில் படித்து வகுப்பே சிரித்த அனுபவம் நம் எல்லோருக்கும் இருக்கும். அங்கேயும் பிள்ளைகள் சிரிப்பார்கள்போல. நல்ல வாசனைக்கும் கெட்ட வாசனைக்கும் பொதுவாக இருந்த சொல் எப்படியோ கெட்ட பக்கமே சரிந்துவிடுகிறது, இரண்டு மொழியிலும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். பிழைகள்.

1931 ஜூலை 31 அன்று, அமெரிக்காவில் வெப்ஸ்டர் அகராதியின் வேதியியல் ஆசிரியர் ஆஸ்டின் பேட்டர்சன் ஒரு துண்டுச்சீட்டு அனுப்பினார். டென்சிட்டி என்பதற்குச் சுருக்கமாகப் பெரிய டி அல்லது சின்ன டி எழுதலாம் என்பது சேதி. அல்லது என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஓ, ஆர் என இரண்டே எழுத்து. அந்த அலுவலகத்தில் தலைச்சொற்களை எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்வது வழக்கம். யாரோ சீட்டைப் பார்த்து, டி, ஓ, ஆர், டி நான்கும் ஒரே சொல் என்று எடுத்துக்கொண்டார்கள். சுருக்கங்களின் கட்டுக்குப் போக வேண்டிய சீட்டு சொற்களின் கட்டுக்குப் போனது. 1934-இல் அகராதி வந்தபோது அதில் "டோர்ட்" என்று ஒரு சொல், பெயர்ச்சொல், பொருள், அடர்த்தி. உச்சரிப்புக்குறிகூடப் போட்டிருந்தார்கள்! 1939 பிப்ரவரி 28 அன்று ஓர் ஆசிரியர் புரட்டிக்கொண்டிருந்தபோது, இந்தச் சொல்லுக்கு மட்டும் வேர்ச்சொல் விளக்கம் இல்லையே என்று கண்ணில் பட்டது. அப்புறம்தான் குட்டு வெளிப்பட்டது.

எத்தனை கண்கள் அதைத் தாண்டிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். யாரையும் திட்டத் தோன்றவில்லை. ஒரு கோயில் மலரில் "குடமுழுக்கு" என்பதை "குடமுருக்கு" என்று நானே விட்டிருக்கிறேன், மூன்று முறை படித்த பிறகும்.

இப்படிப் பிழையாகப் பிறந்தவற்றுக்குப் பேய்ச்சொல் என்று பெயர் வைத்தவர் வால்டர் ஸ்கீட், 1886-இல். அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று நம் பக்கத்துச் சமாசாரம். 1808-இல் எடின்பரோ ரிவ்யூ பத்திரிகையில் இந்துக்களின் வழக்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. சிலர் கொக்கியில் தொங்குகிறார்கள், சிலர் கைகளில் "கைம்ஸ்" குத்திக்கொள்கிறார்கள் என்று அதில் ஒரு செய்தி. கைம்ஸ் என்றால் ஏதோ பயங்கரமான இந்திய ஆயுதம் என்று படித்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அது நைவ்ஸ், கத்திகள். கையெழுத்தில் என், ஐ, வி மூன்றின் கோடுகளையும் அச்சுக்கோப்பவர் ஐ, எம் என்று எண்ணிவிட்டார். செடல் போடுவதும் அலகு குத்துவதும் ஆடி மாதம் நம் தெருவழியாகவே போகிறது. எடின்பரோவில் அதைப் பார்க்காத ஒருவர் எழுத, பார்க்காத இன்னொருவர் அச்சுக்கோக்க, பார்க்காத பலர் நம்பியிருக்கிறார்கள். அதிலும் கைம்ஸ் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு கை உட்கார்ந்திருப்பதைத் தமிழில் எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது.

அச்சு செய்த பிழைகள் இப்படி மாட்டிக்கொண்டு செத்தன. வாய் செய்த பிழைகளோ சௌக்கியமாக இருக்கின்றன. அம்பயர் என்ற சொல்லை எடுங்கள். அது முதலில் "நம்பயர்" போல ஒலித்த சொல். இரண்டு பக்கத்திலும் சேராத, இணையில்லாத மூன்றாமவன் என்று பிரெஞ்சிலிருந்து வந்தது. முன்னால் ஒரு என்று பொருள்படும் "அ" சேரும்போது, அ நம்பயரா, அன் அம்பயரா என்று காதுக்குத் தெரியவில்லை. ந் கழன்று முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டது. ஏப்ரன் என்ற மேலங்கியும் ஆடர் என்ற பாம்பும் இப்படித்தான் தங்கள் ந்-ஐ இழந்தன. நிக்நேம் மட்டும் எதிர்த்திசை: இன்னொரு பெயர் என்று பொருள்படும் "ஈக்நேம்" பக்கத்து வீட்டு ந்-ஐ இழுத்து வைத்துக்கொண்டது. நம்மூர் டீ கடையில் அவுட்டா இல்லையா என்று அம்பயரைத் திட்டுகிறவர்கள், அந்தச் சொல்லே தப்பாகத் தரப்பட்ட தீர்ப்பு என்று தெரிந்தால் சந்தோஷப்படுவார்கள். தவறுவதற்கும் தப்பித்து உயிர்வாழ்வதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல் இருப்பது இந்த வாரம் முழுக்க என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது: பிழைத்தல்.

சொல் இருந்தும் அகராதியில் விட்டுப்போன கதையும் உண்டு. 1857-இல் பேச்சு தொடங்கி 1928-இல் முடிந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் நான்கு லட்சத்துக்கு மேல் சொற்கள். பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஊரெல்லாமிருந்து வந்த துண்டுச்சீட்டுகளை மாடக்குழிகளில் அடுக்கி வேலை பார்த்தார். 1915-இல் டி (T) எழுத்தில் இருக்கும்போது இறந்துபோனார். முதல் பகுதிகள் வெளிவந்து வருடங்கள் கழித்து, 1901-இல், "பாண்ட்மெய்ட்" என்ற சொல்லைக் காணோம் என்று வாசகர் ஒருவர் கண்டுபிடித்தார். அடிமைப் பெண் என்று பொருள். பைபிளில் இருக்கிற சொல்! சீட்டு எங்கோ தவறிவிட்டிருக்கிறது. 1933-இல் துணைத்தொகுதி வரும்வரை அவளுக்கு அந்த அகராதியில் இடமில்லை. அந்த அகராதியில் செத்த சொல்லை நீக்குவதில்லை. பக்கத்தில் ஒரு குத்துவாள் குறி மட்டும் போடுகிறார்கள். நீக்குவதற்காகவே சிவப்புப் பேனா வைத்திருக்கிற எனக்கு இந்த ஏற்பாடு கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

இதையெல்லாம் சேர்த்துவைத்து ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொன்னேன். "அந்த அப்ரிசிட்டிய யாரும் பேசினதே இல்லைம்மா. நம்ம பாட்டி சொல்ற வெயில் காயறதுதான் நிஜமா உயிரோட இருக்கிற வார்த்தை."

"மிஸ் வெரி குட் சொல்லிட்டாங்கப்பா. பலகையில அடுத்த நாள் அழிச்சாச்சு." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ சொன்ன இதெல்லாம் சிலபஸ்ல வருமா?" என்றாள்.

கேட்டிருக்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டாள். கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமில் சிசரோ தன் புத்தகச் சுருள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுருளுக்கும் பெயர் எழுதி ஒட்டத் தோல்துண்டுகள் வேண்டும் என்று நண்பர் அட்டிகஸுக்குக் கடிதம் எழுதினார். அந்தத் துண்டுக்கு கிரேக்கத்தில் "சிட்டிபா" என்று பெயர். பதினைந்தாம் நூற்றாண்டில் அந்தக் கடிதங்களை அச்சடித்தபோது "சிட்டிபாஸ்" என்று இருந்த இடத்தில் "சிலபோஸ்" என்று விழுந்துவிட்டது. பிழைதிருத்துநன் யாரோ விட்டுவிட்டான். அப்படி ஒரு சொல் கிரேக்கத்தில் கிடையாது. பின்னால் வந்தவர்கள் அதற்கு ஒரு வேர்ச்சொல்லும் கண்டுபிடித்துக் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

நான் சிட்டிபாவிலிருந்து ஆரம்பிப்பதற்குள் மகள் எழுந்து போய்விட்டிருந்தாள். வாசலில் பாட்டியும் பேத்தியும் துண்டைப் பங்குபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா திரும்பிப் பார்த்து, "அங்க தனியா யார்கிட்டடா பேசிக்கிட்டிருக்க?" என்றார்.